சித்தி லைலாவுக்குப் போட்ட புள்ளி

ஒரு பிடி நெல்லை அள்ளி, அதில் இரண்டு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துவிட்டு, "பதினஞ்சு இரிக்கும்" என்று சித்தி லைலா சொன்னால் அதற்குப் பிறகும் ஈரம் அளக்கிற கருவியைத் தேடுகிறவன் வேலையில்லாதவன். கருவியும் பதினைந்தைத்தான் காட்டும். மிஞ்சினால் அரை வீதம் கூடக்குறைய இருக்கும். கல்முனைப் பக்கத்தில் நெல் கொள்வனவு செய்கிற எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் களஞ்சியத்தில் பன்னிரண்டு வருடம் அவள் இருந்தாள். சித்தி என்பது உறவுமுறையல்ல, அவள் பெயரின் முன்பாதி. நெல்லை நிறுத்தாள், ஈரம் பார்த்தாள், உரப் பசளை கொடுத்தாள், எல்லாவற்றையும் பதிவில் எழுதினாள். வயல் செய்கிற கமக்காரர்கள் அவளை ஸ்டோர்கீப்பர் என்றுதான் சொல்வார்கள். சம்பளப் பட்டியலில் மட்டும் அவள் பெயருக்கு எதிரே 'நாட்கூலி' என்று இருந்தது.

சங்கத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் எல்லோரும் சங்கத்தைத் திட்டிவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள், நான் தப்பிவிடுவேன். அப்படித் தப்புவதற்காக நான் இதை எழுத உட்காரவில்லை.

என் பெயர் அழகரெத்தினம். முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். பிறந்தது ஆலையடிவேம்பு, இருப்பது பாண்டிருப்பில், மனைவியின் வீட்டில். எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் தமிழரென்றாலும் முஸ்லிமென்றாலும் கலியாணம் முடிந்தால் ஆண்தான் பெண்வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். வீடு பெண்ணுக்கு. அதைக் கட்டிக்கொடுப்பது தகப்பன், தகப்பன் இல்லாவிட்டால் அண்ணன் தம்பிமார். மூன்று பெண்பிள்ளைகள் என்றால் மூன்று வீடு. வெளியூர்க்காரர் யாராவது இதைப் படித்தால் இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளட்டும். நடந்ததெல்லாம் இதிலிருந்துதான் நடந்தது.

லைலாவின் ஊர் சாய்ந்தமருது. வீட்டில் மூன்று பெண், ஒரு ஆண். அவள்தான் மூத்தவள். வாப்பா கடற்கரை வீதியில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தார். மூத்தவளுக்கென்று கட்டிய வீட்டுக்கு யன்னல் போட்டுக்கொண்டிருந்த மாதத்தில் சுனாமி வந்தது. வாப்பாவும் போனார், வீடும் போனது. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது, உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். கடைசித் தம்பி றஸ்மிக்கு ஒன்பது வயது.

பிறகு வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. முறைப்படி அது மூத்தவளுக்கு. ஆனால் இரண்டாமவள் நுஸ்ஹாவை ஒரு நல்ல இடத்தில் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு அவசரம். "அவட பேருக்கு எழுதுங்க உம்மா" என்று லைலா சொல்லிவிட்டாள். மூன்றாமவள் அம்ஹாவுக்கு வீடு கட்டினவளே லைலாதான். களஞ்சியத்து நாட்கூலியில், சீட்டுப் பிடித்து, இந்த மாதம் கல், அடுத்த மாதம் சீமெந்து என்று ஏழு வருடம் கட்டினாள். அந்த ஏழு வருடமும் எங்கள் நெல்லை நிறுக்க நான் போகும்போதெல்லாம், "வீடு எந்த அளவில புள்ள?" என்று கேட்பேன். "லிண்டல் மட்டம் சேர்" என்பாள். அடுத்த போகத்துக்கும் அதே லிண்டல் மட்டமாக இருக்கும். நானும் சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

அம்ஹாவுக்குக் கலியாணம் முடிந்ததும், அந்த வீட்டுக்குப் பின்னால் தகரம் இறக்கிக் கட்டிய ஓர் அறைக்குள் லைலாவும் உம்மாவும் ஒதுங்கினார்கள். றஸ்மி கட்டாரில் ஒரு கிடங்கில் இரண்டு வருடம் வேலை செய்தான். கொம்பனி ஆட்களைக் குறைத்தபோது திரும்பி வந்து, அதே அறையின் முன்பக்கத்தில் பாய் போட்டான். லைலாவைப் பெண் கேட்டு மூன்று முறை ஆள் வந்தது. மூன்று முறையும் "வீடு?" என்று கேட்டார்கள். கதை அதோடு முடிந்தது. அவள் அதைப் பற்றி யாரிடமும் குறைபட்டதாக எனக்குத் தெரியாது.

பழைய பொறுப்பாளர் ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பதவியைச் சங்கம் நிரப்பாமலே வைத்திருந்தது. நாட்கூலிக்கு ஒருத்தி கச்சிதமாகச் செய்துகொண்டிருக்கும்போது யார்தான் நிரப்புவார்கள்? கடைசியில் போன வருடம், நிரந்தரப் பொறுப்பாளர் ஒருவர் இல்லாமல் அரசாங்கக் கொள்வனவுக்கு அனுமதி தரமாட்டோம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. விளம்பரம் போட்டோம். வயதெல்லை நாற்பது. லைலாவுக்கு நாற்பது நிறைய நான்கு மாதம் இருந்தது. இதை விட்டால் அவளுக்கு இனியொரு நிரந்தர வேலை இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

தெரிவுக் குழுவில் மூன்று பேர். தலைவர் சரீப் ஹாஜியார், செயலாளர் காரைதீவுச் செல்லத்தம்பி, செயற்குழுவுக்கு வெளியிலிருந்து ஒருவர் வேண்டுமென்று நான். என்னைப் போட்டதே நியாயத்துக்காகத்தான். சங்கத்தில் இரண்டு சமூகத்தவரும் இருக்கிறார்கள். முன்பு ஒருமுறை ஆள் எடுத்தபோது, இவர்கள் தங்கட ஆளை எடுத்துவிட்டார்கள் என்று அவர்களும், அவர்கள் தங்கட ஆளை எடுத்துவிட்டார்கள் என்று இவர்களும் சத்தம் போட்டார்கள். ஆகவே அப்போதே நான் உட்கார்ந்து புள்ளித்திட்டம் ஒன்று எழுதினேன். கல்விக்கு முப்பது, அனுபவத்துக்கு முப்பது, செய்முறைக்கு இருபது, நேர்முகத்துக்கு இருபது. விண்ணப்பங்களில் பெயரை மறைத்து இலக்கம் போட்டோம். அரசியல்வாதிகளின் பிள்ளைகள் பொய் அனுபவத்தோடு வருவார்கள் என்பதால், 'நியமனக் கடிதத்துடன் கூடிய அனுபவம் மட்டுமே கருத்திற் கொள்ளப்படும்' என்று ஒரு வரியும் சேர்த்தேன். அந்த வரியை எழுதியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த விளம்பரத்துக்கு முந்தைய வருடமும் இந்தத் திட்டப்படிதான் காவலாளி வேலைக்குத் திருக்கோவில் பையன் தனுசனை எடுத்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆனால் திட்டத்தில் எழுதாத ஒரு கேள்வியும் எங்களிடம் இருந்தது. வருகிற ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் கடைசியாக ஹாஜியார் கேட்பார்: "வீட்டுல எத்தின குமர்?" குமர் என்றால் கலியாணம் முடியாத பெண். தமிழ்ப் பையனென்றால் செல்லத்தம்பி, "எத்தினை பொம்பிளைச் சகோதரம்?" என்று கேட்பார். சொல்கிற எண்ணிக்கையைத் தாளின் ஓரத்தில் நான் பென்சிலால் குறித்துக்கொள்வேன். தனுசனுக்கு மூன்று. அதற்கென்று தனியாகப் புள்ளி கிடையாது, நேர்முகத்தின் இருபதுக்குள் அது போய்ச் சேர்ந்துவிடும். நேர்முகப் புள்ளியையும் முதலில் பென்சிலால் போட்டு, எல்லோரும் போனபின் மூவரும் இருந்து கதைத்து, பிறகுதான் பேனையால் எழுதுவோம். எத்தனை விஷயத்தில் தமிழரும் முஸ்லிமும் முட்டிக்கொண்டாலும் இந்தக் கேள்வியில் மட்டும் எங்களுக்குள் ஒரு சின்னப் பிசகும் வந்ததில்லை. அது கருணை என்றே நினைத்தோம்.

நேர்முகத்துக்கு எட்டுப் பேர் வந்தார்கள். அதில் லைலாவும் ஒருத்தி, அவளுடைய தம்பி றஸ்மியும் ஒருவன். அவனை விண்ணப்பிக்கச் சொன்னது உம்மாவாம். இருவரும் ஒரே முச்சக்கரவண்டியில் வந்து இறங்கினார்கள்.

செய்முறையில் நான்கு பாத்திரங்களில் நெல் வைத்திருந்தோம். ஈரம் சொல்ல வேண்டும். லைலா நான்கையும் கடித்துச் சொல்லிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். இருபதுக்குப் பத்தொன்பது. றஸ்மி முதலாவது பாத்திரத்தில் கொஞ்சம் கிட்டப் போனான், மற்ற மூன்றிலும் குருட்டடி. எட்டுப் புள்ளி. அனுபவத்தில் அவனுக்குக் கட்டார்க் கொம்பனியின் கடிதம் இருந்தது, பத்துப் போட்டோம். லைலாவின் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை. யார் கொடுத்தோம் இருப்பதற்கு? என் வரியின்படி அவளுக்குப் பூச்சியம். கல்வியில் அவளுக்கு இருபத்திரண்டு, அவனுக்கு இருபது. ஆக நேர்முகத்துக்கு முன்னால் அவளுக்கு நாற்பத்தொன்று, அவனுக்கு முப்பத்தெட்டு.

அவள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் ஹாஜியார் தொடங்கினார். "இந்தா பாரு புள்ள, நாளைக்கிக் கலியாணம் காச்சி எண்டு வந்தா ஸ்டோர ஆரு பாக்கிற?"

"அப்பிடி ஒண்டும் இல்ல ஹாஜியார்."

"மூட்டை தூக்கிறதெண்டா என்ன செய்வாய்?" என்றார் செல்லத்தம்பி.

"தூக்கிறத்துக்கு ஆக்கள் இரிக்காங்கதானே. நான் நிறுக்கிற, ஈரம் பாக்கிற, எழுதுற."

நான் கேட்டேன்: "பதினாலுக்கு மேல ஈரம் இருந்தா நெல்லை எடுக்கலாமா?"

"எடுக்கப்படா சேர். ஆனா மழ இருட்டிக்கிட்டு வரக்குள்ள லாண்ட்மாஸ்டர்ல கொண்டு வந்த மனிசனத் திருப்பி அனுப்பினா நெல்லு றோட்டுல முளைச்சிரும். விறாந்தைல பரப்ப உடுவன். அடுத்த நாள் காஞ்சாப்பிறகு நிறுத்து எடுக்கிற."

அந்த விடைக்கு நான் பென்சிலால் பதினேழு போட்டேன். போகலாம் என்று ஹாஜியார் சொன்ன பிறகும் அவள் கொஞ்ச நேரம் கதிரையிலேயே இருந்தாள். "அவ்வளவுதானா சேர்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். "ஓம் புள்ள, அவ்வளவுதான்" என்றேன். எழும்பிப் போனாள்.

றஸ்மி வந்தான். ஈரம் பற்றிக் கேட்டதற்கு ஏதோ தடுமாறிச் சொன்னான். மரியாதையான பையன், பொய் சொல்லத் தெரியாதவன். பன்னிரண்டு போட்டேன். ஹாஜியார் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"வீட்டுல எத்தின குமர் மகன்?"

"ஒராள்தான் ஹாஜியார். ராத்தா."

நான் ஓரத்தில் 1 என்று எழுதினேன். என் கை நிற்கவில்லை. அந்த ஒன்று யாரென்று எனக்குத் தெரியும், அரை மணித்தியாலத்துக்கு முன் அதே கதிரையில் இருந்து எழும்பிப் போனவள். தெரிந்துகொண்டுதான் எழுதினேன்.

எல்லோரும் போனபின் கூட்டிப் பார்த்தோம். லைலா ஐம்பத்தெட்டு, றஸ்மி ஐம்பது. ஹாஜியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சேர், ரெண்டு பேரும் ஒரே வீடுதானே. தம்பிக்குக் குடுத்தா அவளுக்குக் குடுத்த மாதிரித்தான். அவன் உழச்சி ராத்தாட காரியத்த முடிப்பான். அவளுக்குக் குடுத்தா அந்தப் பொடியன் திரும்பவும் வெளிநாட்டுக்கு ஓடணும். குமரும் குமராவே இரிக்கும்."

"அது சரியான கதை" என்றார் செல்லத்தம்பி. "ஒரு வேலையில ரெண்டு காரியம் முடியும்."

"பன்னிரண்டு வருசம் செய்தவள் எல்லோ" என்றேன் நான்.

"கடிதம் இல்லயே சேர். அந்த விதிய எழுதினது நீங்கதானே."

ஹாஜியார் என்னை மடக்குவதற்காகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார். நான் அழிறப்பரை எடுத்தேன். பதினேழை அழித்துப் பதினொன்று என்றும், பன்னிரண்டை அழித்துப் பதினாறு என்றும் பேனையால் எழுதினேன். றஸ்மிக்கு ஐம்பத்துநான்கு, லைலாவுக்கு ஐம்பத்திரண்டு. யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் என் கையில் எதையும் வைக்கவுமில்லை. எனக்கு அது நியாயமாகவே பட்டது. வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன், மனைவியிடம் கூட நல்ல காரியம் ஒன்று செய்ததாகத்தான் சொன்னேன்.

முடிவை அறிவித்தல் பலகையில் ஒட்டினார்கள். லைலா வந்து வாசித்தாள். திரும்பிப் போய், நிறுத்துக்கொண்டிருந்த மூட்டையை முடித்தாள். பசளை எடுக்க வந்த கமக்காரர் ஒருவர் என்ன ஆனது என்று கேட்க, "தம்பிக்குக் கிடைச்சிரிக்கி" என்றாள். "மாஷா அல்லாஹ், உங்கட வீட்டுக்குத்தானே" என்று அவர் வாழ்த்தினார். அன்று முழுக்க வந்தவர்கள் எல்லோரும் அவளை வாழ்த்தினார்கள். ஒவ்வொருவருக்கும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒரே குரலில் சொன்னாள். நான் அன்று பசளைக்குப் போயிருந்தேன். எனக்கும் அதே குரலில் எத்தனை மூட்டை என்று கேட்டு எழுதிக்கொண்டாள். அவள் அழுதிருந்தாலாவது எனக்கு ஏதாவது விளங்கியிருக்கும்.

ஒரு மாதம் அவனுக்கு வேலை பழக்கினாள். எனக்கு வேண்டாம், ராத்தாவுக்குக் கொடுங்கள் என்று றஸ்மி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பட்டியலில் அடுத்தவள் அவள்தான். அவன் கெட்டவனல்ல, ஆனால் அந்த வார்த்தை அவன் வாயில் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. மாத முடிவில் ஹாஜியார் அவளைக் கூப்பிட்டு, பதவி நிரம்பிவிட்டதால் அதே வேலைக்கு நாட்கூலியும் போட முடியாது, கணக்காய்வில் கேட்பார்கள் என்று சொன்னார். அவள் அலுமாரிச் சாவியைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள். பிரியாவிடை ஒன்றும் வைக்கவில்லை. அது நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும்தான்.

வேலை கிடைத்து ஐந்தாம் மாதம் றஸ்மிக்குக் கலியாணம். நிரந்தர வேலைக்காரன் என்றதும் நிந்தவூரிலிருந்து கேட்டு வந்துவிட்டார்கள். பெண்ணுக்கு றோட்டுக்கரையில் புது வீடு, பின்னால் ஒரு துண்டு வயலும் இருந்தது. எங்கள் மூவருக்கும் அழைப்பு வந்தது. பந்தலுக்குள் ஒரு பெரிய சஹன் தட்டுச் சோற்றைச் சுற்றி ஹாஜியாரும் செல்லத்தம்பியும் நானும் இன்னும் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஹாஜியாருக்கு நல்ல சந்தோசம். இறைச்சித் துண்டொன்றை என் பக்கம் தள்ளிவிட்டு, "பாத்தீங்களா சேர், ஒரு குடும்பத்த நிமித்தி உட்டுட்டம்" என்றார்.

"அப்ப லைலா?"

"அவளுக்கும் அல்லாஹ் ஒரு வழி வெச்சிரிப்பான். தம்பிதான் இரிக்கானே."

"தம்பி நிந்தவூருக்கு வந்திட்டானே ஹாஜியார்."

அவர் மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார். "ஓம்... அது ஒண்டு இரிக்கிதான்" என்றார். செல்லத்தம்பி தண்ணீர்க் கோப்பையைத் தேடினார்.

எங்கள் மூன்று பேரையும் நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது. ஹாஜியார் குடியிருப்பது அவருடைய மனைவியின் வீட்டில். செல்லத்தம்பி காரைதீவுக்குப் போனதே கலியாணம் முடித்துத்தான். நானும் அப்படியே. மாப்பிள்ளையாகிப் போனவனின் உழைப்பு எந்த வீட்டு உலையில் வேகும் என்று எங்களை விட நன்றாக யாருக்குத் தெரியும்? நான் ஆலையடிவேம்பில் விட்டுவிட்டு வந்த அக்காவுக்கு வருடத்தில் எத்தனை தரம் காசு அனுப்பினேன் என்பதும் எனக்குத் தெரியும். அன்று மேசையில் இருந்தபோது மூவரில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. குமரை எண்ணத் தெரிந்த எங்களுக்கு எண்ணிக்கையைச் சொன்னவன் நாளைக்கு எங்கே இருப்பான் என்று யோசிக்கத் தெரியவில்லை.

பெரும்போக வெட்டுத் தொடங்கியது. நிந்தவூரிலிருந்து வந்து சேர றஸ்மிக்குப் பிந்தும். வெட்டு மெஷினிலிருந்து நேரே வருகிற நெல்லுக்காரர்கள் விடியவே வந்து வரிசையில் நிற்பார்கள், சத்தம் போடுவார்கள். அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஈரம் கூடிய நெல்லையும் எடுத்து அடுக்கிவிட்டான். இரண்டு கிழமையில் அடுக்கு சூடாகிக் களஞ்சியமே மணக்கத் தொடங்கியது. முந்நூறு மூட்டை. ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். "சேர், நீங்க ஒருக்காப் போய் லைலாவோட கதைங்க. நான் போனா நல்லா இரிக்காது."

நான் போனேன். அம்ஹாவின் வீட்டைச் சுற்றிப் பின்னால் போக வேண்டும். லைலா ஒரு சாக்கில் கொச்சிக்காய் மிளகாயைக் காயப்போட்டு, காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். சின்னப் பாக்கெட்டுகளில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுப்பது இப்போது அவள் தொழில். உம்மா கதிரை கொண்டுவந்து போட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"அடுக்கப் பிரிச்சாங்களா சேர்?"

"இல்லை."

"மொதல்ல பிரிக்கச் சொல்லுங்க. நாளைக்கி நான் வரக்குள்ள எல்லாம் பிரிச்சி வெளிய கிடக்கணும்."

அவ்வளவு லேசாக ஒப்புக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை. என் வாய் சும்மா இருக்கவில்லை. "புள்ள, அண்டைக்கு நேர்முகத்தில நான் உனக்குப் போட்டது பதினேழு" என்று தொடங்கினேன்.

"தெரியும் சேர். தம்பி புள்ளித்தாளக் கண்டிரிக்கான். அழிச்ச இடம் தெரியிதாம்." கொச்சிக்காயிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "எனக்கிட்ட நீங்க அந்தக் கேள்விய கேப்பீங்க எண்டு பாத்துக்கிட்டு இரிந்தன்."

"எந்தக் கேள்வி?"

"வீட்டுல எத்தின குமர் எண்டு. முந்தி இண்டர்வியூக்கெல்லாம் தேத்தண்ணி கொண்டு வரக்குள்ள கேட்டிரிக்கன். மூணு, ரெண்ட முடிச்சிட்டன், ஒண்டு மிச்சம் எண்டு சொல்றத்துக்கு வெளிய இரிந்து யோசிச்சு வெச்சிரிந்தன். நீங்க கேக்கல்ல."

நான் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தேன். வெட்கத்தில் காது சுட்டது. அவளுக்கு அது முடிந்துபோன கதை போல இருந்தது. இன்னும் இரண்டு மூன்று காம்பு கிள்ளிவிட்டு, தனக்கு ஒன்று வேண்டும் என்றாள்.

"சம்மாந்துறப் பக்கம் ஒரு அரிசி ஆலைல ஸ்டோருக்கு ஆள் கேக்கிறாங்க. வயசு பாக்கல்ல. நிரந்தரம், சேமலாப நிதியும் கட்டுவாங்களாம். அனுபவக் கடிதம் ஒண்டு மட்டும் கேக்கிறாங்க. பன்னெண்டு வருசம் இஞ்ச வேல செஞ்ச எண்டு சங்கத்தால ஒரு கடிதம் எடுத்துத் தாங்க சேர். இந்த மாசம் முடியிறத்துக்குள்ள குடுக்கணும்."

"நான் எடுத்துத் தாறன்" என்றேன். எங்கள் மூவரில் நான்தானே நியாயக்காரன்.

அவள் ஒன்பது நாள் வந்தாள். பிரித்துப் போட்டு, வெயில் பார்த்துப் புரட்டி, கெட்டதைப் பொறுக்கி ஒதுக்கி, முந்நூறில் இருநூற்று அறுபது மூட்டையைக் காப்பாற்றினாள். தம்பிக்குப் பக்கத்திலேயே நின்று வேலை செய்தாள். ஒன்பது நாள் கூலியைக் கொடுத்தார்கள். நான் ஹாஜியாரிடம் கடிதம் கேட்டேன்.

"சேர், அது சிக்கல். பன்னெண்டு வருசம் எண்டு எழுதிக் குடுத்தா நாளைக்கி ஆரும் அவளத் தொழில் நீதிமன்றத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போவாங்க. பன்னெண்டு வருசச் சேமலாப நிதி கட்டு எண்டு சங்கத்தத்தான் பிடிப்பாங்க. செயற்குழு ஒத்துக்காது. ஒரு மூட்ட அரிசி வேணுமெண்டா நான் என்ட கையால அனுப்பி வைக்கன்."

செல்லத்தம்பியிடம் போனேன். தலைவர் சொல்வதுதான் தன் முடிவும் என்றார். இரண்டு சமூகமும் மறுபடியும் ஒற்றுமையாக இருந்தன. மாதம் முடிய மூன்று நாள் இருந்தது.

வெறுங்கையோடு அவள் முகத்தில் முழிக்க எனக்கு மனம் வரவில்லை. நானே ஒரு கடிதம் எழுதினேன். நான்கு தரம் எழுதிக் கிழித்து, ஐந்தாம் தரம் திருத்தமாக எழுதினேன். தெரிவுக் குழுவின் உறுப்பினராகிய நான், இன்ன திகதியில், தகுதி கூடிய விண்ணப்பதாரிக்கு இட்ட பதினேழு புள்ளியை அழித்துப் பதினொன்றாக்கினேன் என்றும், அது அநீதி என்றும், அதற்கான முழுப் பொறுப்பும் என்னுடையது என்றும், இதை எந்த விசாரணையிலும் சொல்வேன் என்றும் எழுதினேன். இரண்டு பக்கம். கீழே கையொப்பமிட்டு, ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று என் முத்திரையையும் குத்தினேன். சுமை இறங்கியது போல இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு சாய்ந்தமருதுக்குப் போனேன்.

லைலா நின்றபடியே வாசித்தாள். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், திரும்பவும் முதல் பக்கம். கொச்சிக்காய் பிடித்த கை என்பதால் தாளின் ஓரத்தை மட்டும் விரல் நுனியால் பிடித்திருந்தாள். கோபப்படுவாள் என்று பார்த்தேன், அழுவாள் என்று பார்த்தேன். இரண்டும் இல்லை. பதிவுப் புத்தகத்தில் ஒரு மூட்டை குறைந்தால் எப்படிக் கேட்பாளோ அப்படிக் கேட்டாள்.

"நல்லா எழுதியிரிக்கீங்க சேர். ஆனா இதுல நான் பன்னெண்டு வருசம் வேல செஞ்ச எண்டு எங்கயும் இல்லயே."

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். இல்லை. இரண்டு பக்கத்திலும் நான்தான் இருந்தேன்.